நாலு டோக்கனும் ஒரு ரோஸ் மாத்திரையும்

பனியன் கம்பெனியில் எத்தனையோ வேலை உண்டு. ஹாலில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே ஆளைப் பிடிக்காமல் போகிற வேலை ஒன்றே ஒன்றுதான், அது பாத்ரூம் டோக்கன் கொடுக்கிற வேலை. எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்து பத்து வருஷத்துக்கு மேல் நல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அந்த நாற்காலியைத் தேய்த்தவள் நான். பள்ளிக்கூட கேட்டில் நிற்பவர்களே, பஸ் ஸ்டாண்டில் டைம் எழுதுபவர்களே, அடுத்தவர் எப்போது போனார் எப்போது வந்தார் என்று பார்த்தே வயிறு வளர்க்கும் என் இனத்து மக்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு நம் பாடு புரியாது.

நாலு தகடு

செக்கிங், பிசிர் வெட்டு, மடிப்பு என்று எங்கள் ஹாலில் நூற்றுச் சொச்சம் பெண்கள். பாத்ரூம் போக டோக்கன் நாலே நாலு. அலுமினியத் தகட்டில் நம்பர் அடித்து என் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். போக வேண்டியவள் வந்து தகட்டைக் கேட்க வேண்டும், நான் நோட்டில் அவள் பேருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும், ஐந்து நிமிஷத்தில் தகடு ஆணிக்குத் திரும்ப வேண்டும். நாலு தகடும் வெளியே போயிருந்தால் ஐந்தாமவள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"வேலைக்கு டிமிக்கி குடுக்கறவங்கள இந்த நோட்டுதானுங்க காட்டிக் குடுக்கும். ஒரு நாளைக்கு நாலு கோட்டத் தாண்டுனா எங்கிட்ட சொல்லோணும்" என்று நான் சேர்ந்த அன்றைக்கே சொன்னார் சூப்பர்வைசர் மணியண்ணன். எனக்கு ஏதோ போலீஸ் உத்தியோகமே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. என் சொந்தப் பேர் விஜயா. அந்த வாரத்தோடு அது ஒழிந்தது, அப்புறம் எல்லோருக்கும் நான் டோக்கன் அக்காதான். பிசிர் வெட்டுகிற பெண் ஒருத்தி அந்த வாரம் தகட்டுக்காகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். கையில் கிடைத்ததும் ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்று கேட்டாள்: "உங்களுக்கு அவசரம்னா நீங்க யாருகிட்டங்க்கா டோக்கன் வாங்குவீங்க?"

ரோஸ் மாத்திரை

என் மேஜைக்கு அடியில் முதலுதவிப் பெட்டியும் இருந்தது. சாவி என் இடுப்பில். கத்தரி பட்டால் மஞ்சள் மருந்து, தலைவலிக்கு வெள்ளை மாத்திரை, வயிற்றுக்கு ரோஸ் மாத்திரை. என் வைத்தியம் மொத்தமே அவ்வளவுதான். பனியன் கம்பெனியில் வயிற்றில் வருகிற எல்லாச் சீக்குக்கும் ஒரே பேர், கேஸ். வயிறு உப்பினாலும் கேஸ், இடுப்புப் பிடித்தாலும் கேஸ், சோறு இறங்காவிட்டாலும் கேஸ். "டீயும் பன்னும் தின்னுட்டு பொழுதுக்கும் நின்னா வராம என்ன செய்யும்?" என்று விளக்கமும் நானே சொல்வேன்.

மடிப்பில் ராஜாமணி என்று ஒருத்தி. நாற்பத்தைந்து வயது இருக்கும், அதிர்ந்து பேச மாட்டாள். மத்தியானம் நாலு வாய் தின்றதுமே தூக்குப்போசியை மூடிவிடுவாள். "வயிறு கல்லாட்ட இருக்குதுங்க" என்று வந்து கையை நீட்டுவாள். நானும் ஒரு ரோஸ் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பேன். மூன்று மாசம் இப்படி. பிறகு வேலைக்கு வரவில்லை. வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள். ஆடி நோம்பிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். என்ன சீக்கோ பாவம் என்று ரெண்டு நாள் பேசினோம், அதற்குள் ஒரு ஷிப்மெண்ட் வந்துவிட்டது. கடைசியாகப் பெட்டிக்கு வந்த அன்று அவள் சொல்லிவிட்டுப் போன வார்த்தையை அப்போது நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்: "டாக்டரு எதுக்குங்க, உங்க மாத்திரையே எனக்குக் கேக்குதுங்க."

ஆறாவது கோடு

செக்கிங்கில் முதல் ஆள் தெய்வானை அக்கா. ஐம்பது வயது. குண்டடம் பக்கத்தில் வெள்ளாமைக் காடு காய்ந்துபோய்ப் பிழைப்புக்கு இங்கே வந்தவர். கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிகிற லைட் டேபிளில் பனியனை விரித்து உள்ளே கையை விட்டு ஒரு திருப்புத் திருப்பினால் போதும், ஊசிமுனை ஓட்டைகூட அவரிடம் தப்பாது. சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை எடுத்து 'சப்'பென்று அந்த இடத்தில் ஒட்டுவார். வாயும் அதே மாதிரிதான். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார், அதுவே திட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ரெண்டு கோட்டுக்கு மேல் அவர் பேருக்கு நேரே நான் போட்டதே கிடையாது.

ஒரு சித்திரை மாசத்தில் அது நாலானது. அடுத்த வாரம் ஆறு. பிறகு ஏழு. இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த மனுஷி இப்போது டிமிக்கி கொடுக்கக் கற்றுக்கொண்டாரே என்று எனக்கு ஒரே ஆத்திரம். மணியண்ணனிடம் நோட்டை நீட்டினேன். அவர் ஹாலுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏனுங்க்கா, பாத்ரூமுலயே ஒரு டேபிள் போட்டுக் குடுத்தறட்டுங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஆனால் பதில் உடனே வந்தது: "போட்டுக் குடுங்கொ. லைட்டு மட்டும் நல்லா இருக்கோணும்."

கட்டுப்பாடு

அடுத்த வாரமே கோடு மூன்றாக இறங்கியது. அப்புறம் ரெண்டு, சில நாள் ஒன்று. மணியண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பாத்தீங்களா, கண்டிப்பு வேணுங்கறது இதுக்குத்தான்" என்று எனக்கு ஸ்பெஷல் டீ வரவழைத்தார். குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது, என்னத்தைச் சொல்ல.

அதே நாட்களில் தெய்வானை அக்கா தூக்குப்போசியைப் பாதியில் மூட ஆரம்பித்திருந்தார். முகம் ஒடுங்கிக்கொண்டே வந்தது, வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. "அக்காளுக்கு வளைகாப்பு எப்பங்க?" என்று பிசிர் வெட்டுகிற பிள்ளைகள் லொள்ளு பேசின. ரெண்டு தடவை பெட்டிக்கு வந்தார், ரெண்டு தடவையும் ரோஸ் மாத்திரை கொடுத்தேன். எல்லாம் என் கண்ணுக்கு எதிரிலேயே நடந்தது. நோட்டில் கோடு குறைந்துவிட்டது, அதனால் எனக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது.

தண்ணீர்ப் பானை என் மேஜைக்குப் பக்கத்தில்தான். எல்லோரும் வந்து போனார்கள், அக்கா மட்டும் வரவே இல்லை. ஒரு நாள் வெயில் கொளுத்தியது. மனசு கேட்காமல் நானே ஒரு டம்ளர் மொண்டுகொண்டு போய் நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு வழக்கமான லொள்ளு என்று நான் சிரித்துவிட்டு வேறு வந்தேன்: "நான் தண்ணி குடிச்சா உன்ர நோட்டுல எடம் பத்தாது அம்மிணி."

வெள்ளைக்காரர் வந்த நாள்

துணி வாங்குகிற வெள்ளைக்காரர் ஒருவர், தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று நேரில் பார்க்க வருகிறார் என்றார்கள். மூன்று நாளில் எங்கள் கம்பெனி சொர்க்கமாகிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு, பாத்ரூமுக்குப் புது பக்கெட், புது மக். நாலு தகட்டையும் ஆணியிலிருந்து கழற்றி டிராயரில் போடச் சொன்னார் முதலாளி. "இன்னிக்கு ஒருநா யாரு வேணும்னாலும் எத்தன தடவ வேணும்னாலும் போலாம்" என்று மைக்கில் அறிவிப்பும் வந்தது. அந்த ஒரு நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெண்களுக்கு ஆரோக்கியச் சொற்பொழிவும் உண்டு என்று காட்ட, பக்கத்து கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே போனால் நல்லது என்றார் அவர். ஹால் நிரம்பித் தெரிய வேண்டும் என்பதால் கட்டிங் மாஸ்டர், அயர்ன் போடுகிறவர், டெய்லர்கள் எல்லோரும் பின்னால் நிறுத்திவைக்கப்பட்டிருந்தார்கள். டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஆரம்பித்தார். "நாலு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. வயிறு உப்பிக்கிட்டே இருக்கறது. ரெண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு ரொம்பிடறது. அடிவயித்துல வலி. அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும்னு தோணறது. பெரும்பாலும் இதெல்லாம் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா புதுசா வந்து, அநேகமா தினமும் இருந்து, ரெண்டு மூணு வாரம் ஆகியும் போகலைன்னா கேஸ்னு நீங்களே முடிவு கட்டாதீங்க. பொம்பளைங்க வயித்துல சினைப்பைன்னு ஒண்ணு இருக்கு. அதுல புத்துநோய் வந்தா இப்படித்தான் சத்தமில்லாமக் காட்டும். சீக்கிரம் பார்த்தா காப்பாத்தலாம். தீட்டு நின்னவங்க ரொம்பக் கவனமா இருக்கணும்."

தீட்டு என்றதும் பின்னால் நாலு பேர் இருமினார்கள். முன்னால் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் சந்தோஷமாகத் தலையாட்டி போட்டோ எடுத்துக்கொண்டார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் டாக்டரம்மா. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது, அதைப் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "வயித்து நோவுக்கெல்லாம் எதுக்குங்க மைக்கு?"

நோட்டைப் படித்தவர்

முதல் ரெண்டைக் கேட்கும்போதே ராஜாமணி என் கண் முன்னால் வந்து நின்றுவிட்டாள். பாதியில் மூடிய போசி, கல்லாட்டம் வயிறு. அவளுக்கும் இதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று மாசம் அவளுக்கு வைத்தியம் பார்த்தவள் நான், டாக்டரிடம் போ என்று ஒரு நாள் சொன்னதில்லை என்பது மட்டும் தெரியும். நாலாவதைக் கேட்டதும் தெய்வானை அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவசரமாக நோட்டைப் புரட்டினேன். நேற்று ஒரு கோடு, முந்தாநாள் ரெண்டு. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அந்த டம்ளர் தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது.

நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா காரில் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி ரெண்டு மாசம் பின்னால் புரட்டி, தெய்வானை என்ற பேருக்கு நேரே விரலை வைத்து ஒவ்வொரு நாளாகப் படித்துக்கொண்டே வந்தார். நாங்கள் ஆள் பிடிக்க வைத்திருந்த நோட்டு அவர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஆகிவிட்டது. "ஏழு வரைக்கும் போயிட்டு இங்க திடீர்னு குறைஞ்சிருக்கே, மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் கம்ப்ளெய்ண்ட் பண்ணுனனுங்க" என்றேன்.

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நாளைக்கே அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

ஒறம்பரை கல்யாணம்

அக்காவிடம் சொன்னால் வருகிற ஆளா? "ஷிப்மெண்ட் போகட்டும்" என்றார். "அம்பது வயசுக்கு மேல அந்த எடத்தப் போயி எவகிட்டக் காட்டறது" என்றார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று அழுதேவிட்டேன். கம்ப்ளெய்ண்ட் பண்ணினது தப்புங்க்கா, மன்னிச்சுக்குங்க என்றேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில், "ஒரு பீஸுல சந்தேகம் வந்தா அப்படியே கட்டி அனுப்பிருவீங்களா?" என்று கேட்டேன். "நானென்ன பனியனா?" என்று சீறிவிட்டு டேபிளுக்குப் போய்விட்டார். போனவர் பொழுது சாயும்போது வந்து, நாளைக்கு எந்த பஸ் என்று கேட்டார்.

அடுத்த சங்கடம் லீவு. ஷிப்மெண்ட் சமயத்தில் வயிற்று வலி என்று எழுதினால் மணியண்ணன் என் பெட்டியைத்தான் காட்டுவார். கம்பெனியில் கேள்வி கேட்காமல் கிடைக்கிற லீவு ஒன்றுதான். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று ரெண்டு பேருக்கும் நானே லெட்டர் எழுதினேன். மணியண்ணன் படித்துவிட்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு நீட்டினார்: "சாப்பாடு ஆனதும் வெரசா வந்துருங்கொ."

கோயமுத்தூரில் ஒரு டோக்கன்

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே கோயமுத்தூருக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். அங்கேயும் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கி என் மூஞ்சிக்கு நேரே ஆட்டிக் காட்டினார். பயந்துபோயிருந்த நேரத்திலும் அந்த வாய் அடங்கவில்லை. ஒரு நர்ஸ் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, முழுக்கக் குடித்துவிட்டு ஸ்கேன் முடிகிற வரைக்கும் ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னாள். முடியுமாம்மா என்று வேறு கேட்டாள். அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் எங்க கம்பெனீல நல்லாப் பழக்கி உட்டிருக்கறாங்க கண்ணு."

பீஸ் திரும்பி வந்தது

சினைப்பையில்தான் கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பரிசோதித்தார்கள், புற்றுநோய்தான் என்றார்கள். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ராஜாமணியை அனுப்பிவைத்த மாதிரி இவரையும் அனுப்பிவிட்டேனோ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். நல்லவேளை, பக்கத்தில் பரவவில்லை. இன்னும் நாலைந்து மாசம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் ஆபரேஷன் பண்ணின டாக்டர். பிறகு ஊசி. அதில் அக்காவின் முடியெல்லாம் கொட்டியது, வாந்தி எடுத்தே பாதி ஆளானார். அடுத்த சித்திரையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றார். வந்த அஞ்சாவது நிமிஷத்தில் ஒரு பனியனில் அம்புக்குறி ஒட்டினார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், தகடு இல்லாமல்.

அதிலிருந்து நான் ரெண்டு நோட்டு வைத்துக்கொண்டேன். மணியண்ணனுக்கு ஒன்று. அதில் ஹால் முழுக்க ஆளுக்கு ரெண்டே கோடு. நிஜம் எழுதின இன்னொன்று என் டிராயரில். அதில் எவளுக்காவது கோடு ஏறிக்கொண்டே போனாலோ, ஒருத்தியே திரும்பத் திரும்ப ரோஸ் மாத்திரை கேட்டாலோ, பெட்டியைப் பூட்டிவிட்டு டாக்டரம்மாவிடம் தள்ளிக்கொண்டு போவேன். ஒருத்திக்கு சர்க்கரை என்று தெரிந்தது. ஒருத்திக்குக் கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி. நிறைய பேருக்கு ஒன்றுமே இல்லை, என்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்கள். மணியண்ணன் தன் நோட்டைப் பார்த்து ஹால் இப்போதுதான் ஒழுக்கமாக இருக்கிறது என்று பூரித்துப்போனார். பிசிர் வெட்டுப் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தவளை எச்சரித்தது என் காதிலேயே விழுந்தது: "டோக்கன் அக்காகிட்ட ரெண்டு தடவைக்கு மேல போயிறாத, ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிரும்."

எனக்கொரு தகடு

நாலு வருஷம் ஆனது. எனக்கும் நாற்பத்தெட்டு வந்தது. வயிறு உப்ப ஆரம்பித்தது. சாவிதான் இடுப்பில் இருக்கிறதே, நானே பெட்டியைத் திறந்து நானே ரோஸ் மாத்திரை போட்டுக்கொண்டேன். எனக்குக் கேஸ்தான் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி எனக்கு வரவில்லை என்றால் சிரிக்காதீர்கள், நம் இனமே அப்படித்தான்.

ஒரு நாள் தெய்வானை அக்கா என்னை லைட் டேபிளுக்குக் கூப்பிட்டார். குனிந்து பார் என்றார். டேபிள் விளிம்புக்கு அடியில் அம்புக்குறி ஸ்டிக்கர்கள் வரிசை வரிசையாக. நாளுக்கு ஒரு வரிசை. நான் நாற்காலியை விட்டு எழுந்து பாத்ரூம் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று ஒட்டியிருக்கிறார். மேல் வரிசையில் மூன்று, கீழே வரவர ஐந்து, ஆறு. பத்து வருஷத்தில் எனக்கென்று யாரும் ஒரு கோடு போட்டதில்லை. லீவு லெட்டரும் ரெடியாக இருந்தது, ஒறம்பரை கல்யாணம். மணியண்ணன் கையெழுத்துப் போடும்போது, "உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் எப்புடிங்க ஒரே ஒறம்பரை?" என்றார்.

டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். அந்த வராந்தாவில் பாட்டில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தபோது, நோட்டில் நான் கோடு போட்ட அத்தனை பெண்களின் பயமும் எனக்குத் தெரிந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் கையை விடவே இல்லை. கடைசியில் ஒன்றுமில்லை. சுத்தமான கேஸ். பார்த்துப் பார்த்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது அதே ரோஸ் மாத்திரை! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "இதத்தானுங்க்கா நானும் மொதல்லயே சொன்னேன்" என்று அக்காவிடம் கத்தினேன். அக்கா சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "டாக்டரம்மா சொன்னா கேஸு. நீ சொன்னா அது கேஸில்ல அம்மிணி."

பத்து வருஷம் அடுத்தவள் போக்குவரத்தை எண்ணியதற்காக எனக்கு வருத்தமே கிடையாது, மக்களே, ராஜாமணியையும் அப்படி எண்ணி, எண்ணியதை மணியண்ணனிடம் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பது ஒன்றுதான் வருத்தம்.